கல்லுக் கட்டில்

அருப்புக்கோட்டையில் எனக்கு மாட்டுத்தீவனக் கடை. புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, உளுந்தம் பொட்டு. ஐம்பது கிலோ மூட்டைகளை அடுக்கியே முப்பது வருடம் ஓடிவிட்டது. லோடு இறக்க ஆள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அடுக்குவது எனக்குப் பிடிக்காது. ஒன்றைக் கோணலாக வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். நான் அதை நேராக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆக, இடுப்பு போனதற்கு மூட்டையைக் குறை சொல்ல முடியாது. என் குணம் அப்படி.

கடைக்கு ஒரு பேர் உண்டு. சரக்கு பழசு என்றால் பழசு என்று நானே சொல்லிவிடுவேன். "இது வேணாம், மாடு மோந்துகூடப் பாக்காது" என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருச்சுழிப் பக்கமிருந்தும் காரியாபட்டிப் பக்கமிருந்தும் சனங்கள் வழியில் இருக்கிற கடைகளை விட்டுவிட்டு என்னிடம் வந்தது இதற்காகத்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்த கெடுதலுக்கு அந்தப் பேரும் உடந்தை என்பதால் சொல்கிறேன்.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஒருநாள் காலையில் படுக்கையை விட்டு எழ என் மனைவி கைகொடுக்க வேண்டிவந்தது. அன்றைக்கே மதுரைக்குப் போய் ஓர் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். ஊசி போட்டார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். மூட்டையைத் தொடக்கூடாது என்றார். அதற்கடுத்த வாரம் எங்கள் ஊர் பஜாரில் ஒரு மாடியில் கட்டில் சென்டர் ஒன்றைத் திறந்தார்கள்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது கரண்டில் ஓடும் கட்டில். மெத்தைக்குள் சூடான கல்லுருளைகள் இருக்கும். மல்லாந்து படுத்தால், அவை பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இடுப்புவரை மெதுவாக உருண்டு போய்த் திரும்பி வரும். நாற்பது நிமிடம். காசு கிடையாது. தினமும் வரலாம், எத்தனை மாதமும் வரலாம். பிடித்துப்போனால் ஒரு கட்டிலை விலைக்கு வாங்கி வீட்டில் போட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை என்றார்கள். ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று சும்மாவா சொல்கிறார்கள், காலை ஆறு மணிக்கே மாடிப்படியில் வரிசை நின்றது. ஊரில் எல்லாரும் அதைக் கல்லுக் கட்டில் என்றார்கள்.

போகிறவர்கள் சொந்தமாக ஒரு துண்டும் காலுக்குச் சாக்ஸும் கொண்டுபோக வேண்டும். வேட்டிக்குக் கீழே கறுப்புச் சாக்ஸ் மாட்டிக்கொண்டு ஊர்ப் பெரிய மனிதர்களெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதல் நாள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்றாம் நாள் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

சுகமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். என் அம்மா போனபிறகு என் முதுகில் யாரும் கை வைத்துத் தடவியதில்லை. அந்தக் கல் முதுகில் ஏறி இறங்கும்போது கண் தானாகச் செருகும். பக்கத்துக் கட்டிலில் யாராவது குறட்டை விடுவார்கள். கடையில் கடன் கேட்டு நிற்கிற முகம் ஒன்றும் அங்கே கிடையாது. நாற்பது நிமிடம் முடிந்து மணி அடித்தால் எழுந்திருக்க மனம் வராது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கட்டிலுக்குக் காத்திருப்பவர்கள் முன்னால், படுத்துக் குணமானவர் ஒருவர் எழுந்து மைக்கில் பேச வேண்டும். எனக்கு இன்ன வலி இருந்தது, இத்தனை நாள் படுத்தேன், இப்போது இல்லை என்று. பேசி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து கை தட்டுவார்கள். சென்டரை நடத்திய பெண் சின்ன வயதுக்காரி. எல்லாரையும் அப்பா, அம்மா, அண்ணாச்சி என்று உறவு சொல்லித்தான் கூப்பிடுவாள். நான் போய்ப் பதினைந்து நாள் ஆனபோது, "அண்ணாச்சி, நாளைக்கு நீங்கதான் பேசணும்" என்றாள். இடுப்பு அப்போது நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் எனக்கு முன்னால் பேசியவர் ஓய்வுபெற்ற வாத்தியார். மூட்டுவலிக்குத் தின்றுவந்த மாத்திரையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். கைதட்டல் மாடியை அதிரவைத்தது. அடுத்து மைக் என் கைக்கு வந்தது.

டாக்டர் மாத்திரையும் சாப்பிடுகிறேன், கட்டிலிலும் படுக்கிறேன், இரண்டில் எது கேட்டது என்று தெரியவில்லை என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். படியேறும்போது அதைத்தான் சொல்வதாக இருந்தேன். மைக்கைப் பிடித்ததும் என் வாய் வேறொன்றைச் சொன்னது. "மருந்து மாத்திரை எதுவும் இல்ல. இந்தக் கட்டில்ல படுத்தது மட்டுந்தான். இன்னைக்கு நான் மூட்டையே தூக்கலாம்" என்றேன். வாத்தியாருக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள். முப்பது வருடம் கடையில் உண்மையைச் சொன்னதற்கு ஒருத்தரும் எனக்குக் கை தட்டியதில்லை. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

தட்டியவர்களில் என் அக்காவும் இருந்தாள்.

அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுத்தது. மச்சான் போய் ஆறேழு வருடம் ஆகிறது, ஒரே மகள் திருப்பூரில். அக்கா தனியாக இருந்து மானாவாரிக் காட்டில் மிளகாயும் மல்லியும் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக அவளுக்கு நடுமுதுகில் வலி. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவள், நான் சென்டரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

கீழே இறங்கியதும் மஞ்சள் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாள். மதுரைக்குப் போய் முதுகை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார்.

"நீ சொல்லு. மதுரைக்குப் போகவா, இங்க வந்து படுக்கவா?" என்று கேட்டாள்.

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். எங்கள் இரண்டு பேரைத் தவிர அங்கே யாருமில்லை. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் மைக்கில் சொன்னதை அக்காவிடம் எப்படி மாற்றிச் சொல்வது என்று கூச்சமாக இருந்தது. கூச்சம்தான், வேறு ஒன்றுமில்லை. முதலில் ஒரு மாதம் இங்கே படுத்துப் பார், ஸ்கேன் எங்கே ஓடிப்போகப் போகிறது என்றேன். அவள் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாளிலிருந்து காலை பஸ்ஸில் வரத் தொடங்கினாள். திருச்சுழி ரோடு அப்போது நல்ல ரோடு இல்லை. பஸ்ஸில் தூக்கித் தூக்கிப் போடும். அக்கா இரண்டு கையாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சீட்டில் முதுகு படாமல் உட்கார்ந்து வருவாளாம். கட்டிலில் நாற்பது நிமிடம் படுத்துவிட்டு என் வீட்டில் மத்தியானச் சாப்பாடு, சாயங்கால பஸ்ஸில் ஊர். கட்டிலை விட்டு எழும்போது வலி குறைந்த மாதிரி இருக்கும். ஊர் போய்ச் சேர்வதற்குள் திரும்ப வந்துவிடும். அவள் அதைச் சொன்னபோது, முதலில் வலி கூடித்தான் பிறகு குறையும், கூடினால் குணமாகிறது என்று அர்த்தம் என்று சென்டர் பெண் சொன்னாள். நானும் ஆமாம் போட்டேன்.

அக்கா சாப்பிட வருகிற நேரத்துக்கு என் மாத்திரை அட்டையை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவேன். ஒருநாள் என் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

"மதினிகிட்ட சொல்லிருங்க. அவுக ஒங்கள நம்பி வாராக" என்றாள்.

நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். ஒன் வேலையைப் பார் என்று சொன்னதாக ஞாபகம். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அட்டையை மறைக்கிற வேலை மட்டும் எனக்கு மிச்சமானது.

ஒரு மாதம் இரண்டு மாதமானது. அக்கா மெலிந்தாள். வளையல் முழங்கைவரை ஏறியது. கெட்ட கொழுப்பு கரைகிறது என்று சென்டரில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். குண்டாக இருந்த இரண்டு மூன்று பெண்கள் எத்தனை நாளில் இப்படி ஆனது என்று அவளிடம் விசாரித்தார்கள். சாயங்காலமானால் மேல் காய்கிறது என்றாள். உள்ளே கிடந்த சூடு வெளியேறுகிறது என்று அதற்கும் ஒரு பதில் கிடைத்தது. அவள் உடம்பில் எது நடந்தாலும் அது நல்லதற்கு என்று ஆகிவிட்டது. மாடு இப்படி மெலிந்திருந்தால் பத்து நாளில் டாக்டரைக் கூட்டிவாருங்கள் என்று மாட்டுக்காரரைக் கடையில் வைத்தே சத்தம் போட்டிருப்பேன்.

பிறகு அவள் முறை வந்தது. மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பேசத் தெரியாது. எந்தம்பி சொன்னான்னு வந்தேன். எந்தம்பி ஒரு கிலோ தவிட்டுக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டான். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். தனக்கு வலி குறைந்ததா இல்லையா என்பதை அவள் சொல்லவே இல்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் இருக்கும். காலை பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு போன் வந்தது. அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறாள். ஒரு செருப்பு பஸ் படியிலேயே கிடந்திருக்கிறது. கண்டக்டர் கூப்பிட்டு, "அம்மா, செருப்ப விட்டுட்டுப் போறீக" என்றதும் குனிந்து காலைப் பார்த்திருக்கிறாள். செருப்பு கழன்றது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எடுப்பதற்காகத் திரும்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் போனபோது ஒரு பூக்காரம்மாவின் ஸ்டூலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மடியில் அந்தச் செருப்பு இருந்தது. கால் ரெண்டும் மரத்துப்போச்சு, கொஞ்ச நேரத்தில் சரியாயிரும், சென்டருக்கு நேரமாச்சு என்றாள்.

மதுரையில் அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் டி.பி. என்றார் டாக்டர். அவளுக்கு இருமலே இல்லையே என்று நான் கேட்டேன். நுரையீரலுக்குத்தான் வரவேண்டும் என்று இல்லை, எலும்புக்கும் வரும், எலும்பை அரித்துச் சீழ் கட்டிக் கால் நரம்பை அழுத்தியிருக்கிறது என்று விளக்கினார். இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, இவ்வளவு வலியை வைத்துக்கொண்டு ஏன் தாமதம் பண்ணினீர்கள் என்று கேட்டார்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. "மிளகா எடுப்பு சார். வேலைய விட்டுட்டு வர முடியல" என்றாள்.

ஆபரேஷன் பண்ணினார்கள். மாத்திரை ஒன்றரை வருடம் சாப்பிட்டாள். காய்ச்சல் போனது, உடம்பு தேறியது, வளையல் மணிக்கட்டுக்கு இறங்கியது. கால் மட்டும் வரவில்லை. இடுப்புக்குக் கீழே குத்தினாலும் தெரியாது, சூடு வைத்தாலும் தெரியாது.

காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். மகள் மாதம் ஒருமுறை வந்து இரண்டு நாள் இருந்து அழுதுவிட்டுப் போவாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது என் மனைவி. படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது இரண்டு பேரும். காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்து, மடக்கி நீட்டிவிடுவது என் வேலை. ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உள்ளங்காலில் ஆரம்பித்து மேல்நோக்கித் தேய்க்க வேண்டும், விடக்கூடாது, இல்லாவிட்டால் கால் இறுகிப்போகும் என்றார்கள். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் அரை மணி நேரம். வெதுவெதுப்பான நல்லெண்ணெய். இரண்டு வருடத்தில் ஒருநாளும் விட்டதில்லை. என் கைக்கு அவள் காலின் ஒவ்வொரு நரம்பும் தெரியும். அவளுக்கு என் கை தெரியாது.

தேய்க்கும்போது பேசிக்கொண்டிருப்பாள். ஊரில் மழை பெய்ததா, குத்தகைக்காரன் மல்லி போட்டானா, அதுதான் பேச்சு. ஒருமுறை தானாகவே, "ஒனக்கு அந்தக் கட்டில்ல கேட்டுச்சு. எனக்குக் குடுத்து வைக்கல" என்றாள். நான் எண்ணெயைத் தொட்டுக்கொண்டு அடுத்த காலுக்குப் போனேன். அன்றைக்குக் கடையில் எனக்கு எடைகூடப் பார்க்க ஓடவில்லை, வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டினேன். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று சொல்வது பெரிய பொய். விதைத்தது நான், அறுத்துக்கொண்டிருந்தது அவள்.

அந்த சென்டரும் எப்போதோ காலி பண்ணிக்கொண்டு போய்விட்டது. அந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். நானும் வருடக்கணக்கில் இப்படியே இருந்திருப்பேன். இந்தத் தை மாதம் காரியாபட்டிக்காரர் ஒருவர் பருத்திக்கொட்டை வாங்க வந்தார். பழைய வாடிக்கை. அவர் ஊர்ப் பக்கம் இப்போது கல்லுக் கட்டில் வந்திருக்கிறதாம். அவருடைய அம்மாவுக்கு மூன்று மாதமாக முதுகுவலி.

"நீங்க மைக்குல பேசுனத அன்னைக்கு நானும் கேட்டேன் அண்ணாச்சி. அதான் அம்மாவக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன்" என்றார்.

அவரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு நான் சொன்னது பொய், மதுரை டாக்டர் மாத்திரையைத் தின்றுகொண்டே மைக்கில் அப்படிப் பேசினேன், அம்மாவை முதலில் ஸ்கேன் எடுங்கள் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பருத்திக்கொட்டையை வாங்காமல் எழுந்து போய்விட்டார். போனால் போகட்டும், அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனால் போதும் என்று இருந்தது. ஆனால் வழியில் போகிற மனிதருக்குச் சொல்லத் தெரிந்த எனக்கு, வீட்டில் படுத்திருக்கிறவளுக்குச் சொல்ல இரண்டு வருடம் வாய் வரவில்லை.

மறுநாள் காலை அக்காவைச் சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, பின்னால் உட்கார்ந்து கெண்டைக்காலைத் தேய்க்க ஆரம்பித்தேன். முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. குனிந்து, காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன். அடுப்படியில் இருந்த மனைவிக்குக்கூடக் கேட்டிருக்காது.

"அக்கா, அன்னைக்கு மருந்து மாத்திரை இல்லன்னு நான் சொன்னது பொய்க்கா. டாக்டரு குடுத்த மாத்திரைய ஒரு மாசமும் தின்னுக்கிட்டுதான் இருந்தேன். ஒனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருந்தேன்."

தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது, குடங்கள் உருளும் சத்தம் கேட்டது, லாரி புறப்பட்டும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"ஊருக்கே கேக்குற மாதிரி மைக்குல சொன்ன. இப்ப எங்காதுக்குள்ள சொல்ற."

குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதைக்கூடக் காதுக்குள்தான் சொல்லப்போகிறேன் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன். கெண்டைக்காலில் வைத்திருந்த கை எப்போதோ நின்றுவிட்டது. எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கிடந்த அவள் தலையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். விரலில் எண்ணெய் ஆறிப் பிசுபிசுத்தது. கால்மணி நேரம் இருக்கும்.

"போதும்டா தம்பி. ரொம்ப நேரமா தேய்க்கிற. கை வலிக்கும் ஒனக்கு" என்றாள் அக்கா.